தலைகீழாக வந்த கவுன்சிலர்

எழில்மொழியின் வயலுக்குக் கவுன்சிலர் வந்திருந்தார். தலைகீழாக.

வயலோரம் வண்டிப்பாதைக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் குழாயின் வாயில் கவுன்சிலரின் தலை மாட்டிக்கொண்டிருந்தது. கும்பிட்ட கைகள் தரையைப் பார்த்தன. மூக்கின் மேல் ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது.

"அப்பா! ஓடி வாங்க! கவுன்சிலர் அக்கா நம்ம குழாய்ல மாட்டிக்கிட்டாங்க!"

அப்பா வீரையன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் விழுந்தடித்து ஓடி வந்தார். குனிந்து பார்த்தார்.

"அட, பேனரா? உசுரே போயிடுச்சு எழிலு!"

எழில் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் கோடை மழை கொட்டியது. காய்ந்து கிடந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. தண்ணீர் மட்டும் ஓடவில்லை. பேனர், பால் பாக்கெட், தெர்மாகோல் தட்டு, பாட்டில், பாதித் தலையணை எல்லாம் சேர்ந்து ஓடிவந்து குழாயை அடைத்துக்கொண்டன. வழியில்லாத தண்ணீர் வரப்பைத் தாண்டி நாற்றங்காலுக்குள் ஏறியிருந்தது.

விதைத்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. சின்னக் குழந்தையின் முடி போல நெல் முளைத்திருந்தது. இப்போது அதில் ஒரு மூலை வழுக்கை.

"ஒரு மணி நேர மழைக்கே இப்படி. மேட்டூர்த் தண்ணி வந்தா?" என்றார் அப்பா.

போன வருடம் என்ன ஆனது என்று எழிலுக்குத் தெரியும். மேட்டூர்த் தண்ணீர் வந்த அன்றே நாற்றங்கால் முழுவதும் குப்பைத் தண்ணீரில் மூழ்கியது. நாற்று அழுகியது. அந்தக் குறுவைச் சாகுபடியே இல்லாமல் போனது.

அந்த வயல் அவர்களுடையதாகி மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் எழிலின் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில்தான் நாற்று நட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பரணிலிருந்து பெரிய நீலப் பையை இறக்கினார்.

"இந்தத் தடவையும் நாத்து போச்சுன்னா நான் திருப்பூருக்குக் கெளம்பிடுறேன்" என்றார் அம்மாவிடம்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பையோடு திருப்பூருக்குப் போன அப்பா, எட்டு மாதம் கழித்துத்தான் வந்தார். தம்பி அவரைப் பார்த்து, "அங்கிள், யார் வேணும்?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

எழில் அந்தப் பையை முறைத்தாள். பிறகு அடிபம்புக்குப் போய், கவுன்சிலரின் பேனரைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

*

பூவாளங்குடிப் பேரூராட்சியின் ஏழாவது வார்டில் நான்கு தெருக்கள். காந்தி நகர், கடைத்தெரு, பள்ளிவாசல் தெரு, கீழத்தெரு. வாய்க்கால் இதே வரிசையில் நான்கு தெருக்களையும் தொட்டுக்கொண்டு வயலுக்குப் போகும். எழில் இருப்பது கடைசித் தெருவில்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காந்தி நகரில் எட்டாவது வாரத் தூய்மைத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. திருவிழாவை ஆரம்பித்தவர் கவுன்சிலர் செவ்வந்தி. கோலப்போட்டி, கண் மருத்துவ முகாம், மரக்கன்று கொடுப்பது என்று வார்டில் எப்போதும் ஏதாவது நடத்திக்கொண்டே இருப்பார். யார் போன் செய்தாலும் எடுப்பார். நல்லவர்தான்.

ஆனால் எட்டு வாரமாகியும் திருவிழா கீழத்தெருவுக்கு வந்ததில்லை. பிளீச்சிங் பவுடர் எப்போதும் பள்ளிவாசல் தெரு முனையோடு தீர்ந்துவிடும். எப்படித்தான் அவ்வளவு சரியாகத் தீருமோ!

எழில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பச்சை டீ ஷர்ட்டும் தொப்பியும் போட்ட நாற்பது பேர் கூட்டினார்கள், வாரினார்கள். கவுன்சிலர் விசில் ஊதினார். கூட்டிய குப்பை முறம் முறமாக, கூடை கூடையாக நேராகப் போய் வாய்க்காலில் விழுந்தது.

தெரு பளபளவென்று ஆகிவிட்டது. வாய்க்காலை யாரும் பார்க்கவில்லை.

கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் பஞ்சநதம் ஒரு கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஏன் வாய்க்கால்ல கொட்டுறீங்க?"

"அடுத்த வாரம் தண்ணி வருதுல்ல பாப்பா? அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

"எங்க போவும்?"

"எங்கயோ போவும். கடலுக்குப் போவும்."

"கடலுக்கு முன்னாடி எங்க வயல் வருது மாமா."

பஞ்சநதம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஆறாவது படிக்கிற புள்ளைக்கு வாயைப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த கூடையை எடுக்கப் போனார்.

அதற்குள் கவுன்சிலர் எழிலைப் பார்த்துவிட்டார்.

"யாரு கண்ணு நீ? வா வா, தொப்பி போட்டுக்க. ஒரு போட்டோ எடுத்துடலாம்!"

"போட்டோவுக்கு வரல அக்கா. உங்களைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்னையா?"

எழில் பேனரை விரித்தாள். கூட்டத்தில் 'கொல்'லென்று சிரிப்பு.

"இது போன வாரப் பேனராச்சே! எங்க கெடந்துச்சு?"

"எங்க வயல்ல அக்கா. குழாய்ல தலைகீழா மாட்டிக்கிட்டு இருந்தீங்க. மூக்குல நத்தை. நல்லாக் கழுவிட்டேன்."

கவுன்சிலருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எழில் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. எழில் நாற்றங்காலைப் பற்றிச் சொன்னாள். அப்பாவின் நீலப் பையைப் பற்றிச் சொன்னாள். கவுன்சிலர் மெல்லத் திரும்பி வாய்க்காலைப் பார்த்தார். எட்டு வாரக் குப்பை அவரைத் திரும்பிப் பார்த்தது.

"ஒண்ணு செய்யி. ஒரு மனு எழுதிக் குடு. மிஷின் வெச்சு அள்ளச் சொல்றேன்."

"எப்ப அள்ளுவாங்க அக்கா?"

"பதினஞ்சு நாள்ல பதில் வரும்."

"சனிக்கிழமை தண்ணி வருது அக்கா. கல்லணையைத் தெறந்தாச்சு."

கவுன்சிலர் விசிலைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தார்.

*

அன்று சாயங்காலமே ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். "நாளைக் காலை ஆறு மணிக்கு வாய்க்கால் சுத்தம் செய்ய அனைவரும் வாருங்கள்!"

திங்கட்கிழமை காலை ஐந்து பேர் வந்தார்கள். கவுன்சிலர், இரண்டு தூய்மைப் பணியாளர்கள், எழில், அவளோடு படிக்கும் ஜாஹித். பச்சை டீ ஷர்ட்டுகள் நாற்பதும் வீட்டுக் கொடிகளில் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே ஆள் இல்லை.

"தண்ணி தானா அடிச்சுக்கிட்டுப் போறதை நாம ஏன் அள்ளணும்?" என்று கேட்டபடி எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். எழிலின் அப்பா வயலில் குழாய் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும் வரை அள்ளினார்கள். பத்தடி தூரம் சுத்தமானது. வாய்க்கால் ஒரு கிலோமீட்டர் இருந்தது.

"இப்படியே போனா தீபாவளிக்கு முடிச்சிடலாம்" என்றான் ஜாஹித்.

எழில் அவன்மேல் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எறிந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, மீன் விற்கிற மீனாக்கா கீழத்தெருவில் மொபெட்டை நிறுத்தினார். கடற்கரை ஊரிலிருந்து வருகிறவர். மீன் பெட்டி விழாமல் இருக்க ஒரு பழைய வலையால் இறுக்கிக் கட்டியிருப்பார். அம்மா மத்தி வாங்கிக்கொண்டிருந்தாள். பெட்டியில் உருகிய ஐஸ் தண்ணீர் வலைக்கண் வழியாகச் சொட்டுவதையே எழில் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி தங்கம், வலையை இப்படிப் பாக்குறே? இதுக்கு முன்னாடி பாத்ததே இல்லையா?"

"மீனாக்கா, வலையில தண்ணி நிக்கவே நிக்காதா?"

"தண்ணியைப் புடிக்கவா கடலுக்குப் போறோம்? தண்ணி போயிடும், மீனு நிக்கும்."

எழில் குதித்தாள். "தண்ணி போயிடும், குப்பை நிக்கும்!"

"குப்பையா? இந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?"

எழில் விஷயத்தைச் சொன்னாள். மீனாக்கா பல் தெரியச் சிரித்தார். "எங்க வீட்டுல நண்டு கடிச்ச வலை ஒண்ணு கெடக்கு. நாளைக்குக் கொண்டாறேன். ஆனா ஒண்ணு, விரால் மாட்டுனா பாதி எனக்கு!"

சொன்னபடியே புதன்கிழமை கொண்டு வந்தார். எழிலும் ஜாஹித்தும் அதைப் பள்ளிவாசல் தெருவில் விரித்துப் பார்த்தார்கள். தெரு அகலத்துக்கு இருந்தது.

"எங்கே கட்டப் போறே?" என்றான் ஜாஹித்.

"எங்க குழாய்க்கு முன்னாடி."

ஜாஹித் யோசித்தான். "அப்ப ஊர்க் குப்பை மொத்தமும் உங்க வயல்கிட்டதான் வந்து நிக்கும். குழாய் அடைக்கிறதுக்குப் பதிலா வலை அடைக்கும். தண்ணி அதே மாதிரி நாத்தங்கால்ல ஏறும்."

எழிலுக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம். அவள் அவனிடம் பேசாமல் மண்ணில் ஒரு குச்சியால் கோடு கிழித்தாள். அதுதான் வாய்க்கால். கோட்டின் ஓரமாக நான்கு வட்டம். அதுதான் நான்கு தெரு. கடைசி வட்டத்துக்கு அப்பால் சின்னதாக ஒரு சதுரம். அது வயல்.

சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், குச்சியை மேலே நகர்த்தினாள். ஒவ்வொரு வட்டமும் முடியும் இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

"ஜாஹித், கத்திரிக்கோல் இருக்கா?"

"எதுக்கு?"

"வலையை நாலா வெட்டணும். அவங்கவங்க குப்பை அவங்கவங்க தெருவுலயே நிக்கட்டும்."

*

"ஐயையோ, வேண்டாம் கண்ணு!" என்றார் கவுன்சிலர்.

அவர் வீடு காந்தி நகர்க் கடைசியில், வாய்க்கால் ஓரத்திலேயே இருந்தது. எழிலும் ஜாஹித்தும் வலைத் துண்டுகளோடு வாசலில் நின்றார்கள்.

"வாசல்ல குப்பை வந்து நின்னா நாறும். எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க."

"எங்க வாசல்ல வருசா வருசம் நாறுது அக்கா. நாங்க யாரைத் திட்டுறது?"

கவுன்சிலர் உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று ஜாஹித் எழிலின் கையைக் கிள்ளினான். "உனக்கு வாய் ஜாஸ்தி!"

கவுன்சிலர் திரும்பி வந்தார். கையில் ஒரு சுத்தியல் இருந்தது.

"மொதத் துண்டை என் வீட்டுக்கு நேராவே கட்டு" என்றார்.

வியாழன் சாயங்காலம் மூங்கில் கழிகளை நட்டு நான்கு இடத்திலும் வலையைக் கட்டினார்கள். காந்தி நகரில் முணுமுணுத்தார்கள். கடைத்தெருவில் பஞ்சநதம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"கவுன்சிலரம்மா, என் கடை வாசல்ல எதுக்கு வலை? நான் என்ன மீனா விக்கிறேன்? அவுத்துப் போட்டுடுவேன்!"

"நீங்க அவுத்தா நான் திரும்பக் கட்டுவேன் அண்ணே. எனக்கு வேற வேலை இல்ல."

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது எழில் ஒரு வேடிக்கை பார்த்தாள். இரண்டு மூன்று பேர் யாருக்கும் தெரியாமல் வாய்க்காலில் இறங்கி, தங்கள் வாசலுக்கு நேராகக் கிடந்ததை மட்டும் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மீதிக் குப்பை அப்படியே கிடந்தது.

வீட்டில் நீலப் பையும் அப்படியே கிடந்தது. இப்போது அதன் மேல் அப்பாவின் இரண்டு சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

*

சனிக்கிழமை காலை வார்டே வாய்க்கால் கரையில் நின்றது. தண்ணீர் வருகிற நாளில் பூவாளங்குடியில் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். கையில் சாமந்தியும் விதைநெல்லும் வைத்திருந்தார்கள்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!"

முதலில் கொக்குகள்தான் வந்தன. தண்ணீருக்கு முன்னால் தப்பி ஓடும் பூச்சிகளைக் கொத்திக்கொண்டே நடந்து வந்தன. பின்னால் நுரையோடு பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஊர்ந்து வந்தது. வெடித்துக் கிடந்த மண் 'உஸ்... உஸ்...' என்று குடித்தது. எல்லோரும் பூவையும் நெல்லையும் தூவினார்கள். சிலர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

தண்ணீருக்குப் பின்னால் குப்பை எழுந்து வந்தது.

முதல் வலை பூசணிக்காய் போல உப்பியது. மூங்கில் கழி வளைந்தது. உடையவில்லை.

"ஏங்க, அது நம்ம வீட்டுப் பாய்தானே?"

"கத்தாதே! எல்லாரும் பாக்குறாங்க."

எல்லாவற்றுக்கும் மேலாக மிதந்தவை காகிதக் கோப்பைகள். நூற்றுக்கணக்கில். தூய்மைத் திருவிழாவில் எட்டு வாரமாக மோர் கொடுத்த கோப்பைகள்.

கவுன்சிலரின் முகம் சிவந்தது. வலை அடைத்ததால் தண்ணீர் மெல்ல ஏறி அவர் வாசல்படியைத் தொட்டது. அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார்.

"அக்கா, ஒரு நிமிசம்! போட்டோ எடுத்துக்குறேன்!" என்றான் ஒரு பச்சை டீ ஷர்ட்.

"போனை வெச்சுட்டு எறங்குடா!"

அவன் இறங்கினான். பக்கத்து வீட்டுக்காரர் இறங்கினார். பாய்க்குச் சொந்தக்காரரும் இறங்கினார். இறங்காமல் நின்றவர்களின் வாசலிலும் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் அவர்களும் இறங்கினார்கள். அள்ளி அள்ளிக் கரையில் போடப்போட, வலை இளைத்தது. தண்ணீர் மட்டும் நழுவிக் கீழே போனது.

எழிலும் ஜாஹித்தும் தண்ணீரோடு ஓடினார்கள்.

கடைத்தெரு வலையில் அட்டைப்பெட்டிகளும் பைகளும் சிக்கின. ஒவ்வொரு பையிலும் சிவப்பு எழுத்தில் 'பஞ்சநதம் மளிகை' என்று கொட்டையாக அச்சடித்திருந்தது. கரையில் நின்ற பிள்ளைகள் சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள்.

"முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது... மாமா, இன்னொண்ணு வருது!"

பஞ்சநதம் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எனக்கு இடுப்பு வலி இருக்கு, தெரியும்ல?" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே இறங்கினார். இறங்கியவர், வேறு யாரையும் விட வேகமாக அள்ளினார்.

பள்ளிவாசல் தெரு வலையில் ஜாஹித்தின் கூட்டாளிகள் தயாராக நின்றார்கள். அங்கே பதினோரு கிரிக்கெட் பந்துகள் சிக்கின.

"இதுல ஆறு என்னோடது!" என்று ஜாஹித் அங்கேயே நின்றுவிட்டான்.

எழில் நிற்கவில்லை. கீழத்தெரு வலையில் நான்கு சருகும் ஒரு பழைய துடைப்பமும்தான் இருந்தன. அம்மா அவற்றை ஒரே கையால் எடுத்துப் போட்டாள். எழில் அவளையும் தாண்டி வயலுக்கு ஓடினாள்.

அப்பா குழாய்க்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் எழிலைப் பார்க்கவில்லை. வாய்க்காலைப் பார்த்தார்.

தண்ணீர் வளைவு திரும்பி வந்தது. அதன் மேல் ஒரு சாமந்திப்பூ. அதற்குப் பின்னால் இன்னொன்று. வேறு எதுவும் இல்லை.

குழாய் 'குபுக்' என்று ஒரு வாய் குடித்தது. பிறகு மடமடவென்று குடித்தது. தண்ணீர் அந்தப் பக்கம் போய்விட்டது. வரப்பு நனையவே இல்லை. நாற்றங்கால் காற்றில் தலையாட்டிக்கொண்டிருந்தது.

அப்பா மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். வரப்பில் ஒரே ஒரு வெட்டு வெட்டி, நாற்றுக்கு வேண்டிய அளவு மட்டும் தண்ணீரை உள்ளே விட்டார்.

"ஐயோ... யாராவது கை குடுங்களேன்!"

இருவரும் திரும்பினார்கள். கவுன்சிலர் முழங்கால் வரை சேற்றில் புதைந்து நின்றுகொண்டிருந்தார். தலையெல்லாம் பாசி. அப்பா ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கி வரப்பில் ஏற்றினார்.

"வாங்கம்மா. பாத்து வரக்கூடாதா?"

"நாத்து நல்லா இருக்கா? அதைப் பாக்கத்தான் ஓடியாந்தேன்." அவர் மூச்சு வாங்கினார். "இவ்ளோ நாளா இந்தப் பக்கம் நான் வந்ததே இல்லைங்க."

"வந்திருக்கீங்க அக்கா" என்றாள் எழில். "இன்னிக்குத்தான் நேரா வந்திருக்கீங்க."

கவுன்சிலர் சிரித்த சிரிப்பில் கொக்குகள் பறந்தன. பிறகு அவர் அப்பாவிடம் ஏதோ சொன்னார். அப்பா தலையாட்டினார்.

"எழிலு," என்று கூப்பிட்டார் அப்பா. "வீட்டுக்குப் போயி அந்த நீலப் பையை எடுத்துட்டு வா."

எழில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குப்பா? நாத்துதான் நல்லா இருக்கே!"

"அதான் நல்லா இருக்கே, அப்புறம் எனக்கு எதுக்கு அந்தப் பை? நாளைக்குத் திருவிழாவோட ஒம்பதாவது வாரம் நம்ம தெருவுலேர்ந்து ஆரம்பிக்குதாம். குப்பை அள்ளப் பெரிய பையா வேணும்ல?"

எழில் ஓடினாள். எதிரில் பந்துகளோடு வந்த ஜாஹித், எங்கே என்று கேட்டதுகூட அவள் காதில் விழவில்லை. வாய்க்கால் தண்ணீரால்கூட அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்திருக்க முடியாது.